அட்டையில் நாலு விரல் இடிக்குது

தப்பான மூலையில நிக்கிற.

உன்னத்தான் சொல்றேன். ஒரு கண்ண மூடிக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு, அந்த ரெக்கார்டு அட்டையச் சுவத்தோட பொருத்திப் பொருத்திப் பாக்குறியே, உன்னத்தான். வா இப்படி, நிழலுக்கு வா. ஒரு மணி நேரமாப் பாக்குறேன். ரெண்டடி முன்னால போற, ஒரு அடி பின்னால வர்ற. ரெண்டு பஸ்காரன் ஹாரன் அடிச்சாச்சு. மூணாவது ஆளு அடிக்க மாட்டான், ஏத்திட்டுப் போயிருவான்.

போகோத்தாவா? சொல்ல வேண்டாம். பர்ராங்கியாவுக்கு ஸ்வெட்டர இடுப்புல கட்டிக்கிட்டு வர்றவன் வேற எங்கேருந்து வருவான். மலை மேல இருக்கிற உங்களை நாங்க கச்சாகோன்னு சொல்வோம். மரியாதையான வார்த்தை இல்ல. உக்காரு. அதுல வேண்டாம், அதுக்கு மூணு கால்தான். இதுல உக்காரு.

நெல்பா, இவனுக்கு ஒரு பீர் குடும்மா. குடிக்க மாட்டியா? அப்ப இவனுக்குத் தண்ணி, எனக்கு அந்த பீரு.

என்ன இடிக்குது? நாலு விரலா?

தெரியும். எல்லாருக்கும் நாலு விரல்தான் இடிக்கும். அட்டையில இருக்கிற வாசல இந்த வாசலோட பொருத்தினா ஜன்னல் நாலு விரல் தள்ளி நிக்கும். ஜன்னலப் பொருத்தினா வாசல் ஓடிரும். லென்ஸ மாத்திப் பாத்திருப்ப. தரையில உக்காந்தும் பாத்த, அதை நானே பாத்தேன். பின்னாடி எண்ணெய் ஒட்டியிருக்கு, எழுந்திரிக்கும்போது துடைச்சுக்க.

உனக்கு முன்னால ஒரு ஜெர்மன்காரன் வந்தான், அளவு நாடாவோட. சுவத்த அளந்தான், ரோட்ட அளந்தான், நான் உக்காந்திருக்கும்போதே என் நாற்காலிய அளந்தான். மூணு நாள். கடைசில, நாப்பத்தேழு வருஷத்துல நகரம் கொஞ்சம் நகந்திருக்கும்னு முடிவு பண்ணிட்டுக் கிளம்பிட்டான். நகரம் நகந்திருக்காம். படிச்சவன்.

அப்புறம் ரெண்டு டச்சுக்காரிங்க. அட்டையில பாடகன் பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, ஷூவக் கையில தூக்கிக்கிட்டு, வாசப்படியில ஒரு கால வச்சு நிக்கிறானா, அதே மாதிரி நிக்கணும்னு இதுங்களும் ஷூவக் கழட்டுச்சுங்க. அவன் நின்னது மழை விட்ட மறு நிமிஷம், தெருவுல ஆறு ஓடிக்கிட்டிருந்துச்சு. இதுங்க நின்னது பன்னெண்டு மணி வெயில்ல, தார் ரோட்டுல. அன்னிக்கு நெல்பாவோட ஐஸ் பெட்டில பீருக்கு எடமில்ல. நாலு காலு இருந்துச்சு.

நீ யாரையும் நிக்க வைக்கிறதில்லையா? அட்டைய மட்டும் காத்துல பிடிச்சு, அதோட ஓரமும் தெருவோட ஓரமும் ஒண்ணாச் சேர்ற மாதிரி எடுப்ப. சரி. அம்பது அட்டை, அம்பது ஊரு. சரி. முப்பத்தஞ்சு வயசு இருக்குமா உனக்கு? ஒருத்தன் ஏற்கெனவே எடுத்த படத்த அதே எடத்துல நின்னு இன்னொரு தடவ எடுக்க ஏரோப்ளேன் ஏறி வர்ற. உங்கப்பாவுக்குத் தெரியுமா?

கோவப்படாத. தண்ணியக் குடி.

வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் நான் பேசுறதில்ல. நெல்பாவக் கேளு. எட்டு வருஷமா வர்றானுங்க. ஒருத்தன்கிட்டயும் வாயத் தெறந்ததில்ல. தப்பான சுவத்தப் படம் எடுத்து ஊருக்குக் கொண்டுபோய் மாட்டிக்கிட்டா எனக்கென்ன. உன் விஷயம் அப்படி இல்ல. கலாச்சார ஆபீஸ் கூப்பிட்டிருக்கிற ஆளு நீதானே? சனிக்கிழமை பித்தளைத் தகடு பதிக்கிறாங்க. நீ இன்னிக்கு எடுக்கிற படத்தத்தான் அதுல செதுக்கப் போறாங்க. 'வெள்ளத்தோட வந்தவன்'ங்கிற இந்த ரெக்கார்டுக்குப் படம் பிடிச்ச வீடு இதுன்னு எழுதி, திருகாணி போட்டு முடுக்கிட்டான்னா அப்புறம் எவனும் மாத்த மாட்டான். பித்தளையில இருக்கிறத எவன் சந்தேகப்படுவான்.

எனக்கு எப்படித் தெரியுமா? குமெர்சிந்தோ பத்து நாளா தெரு முழுக்க இதையே சொல்லிக்கிட்டுத் திரியிறான். நீ இவ்வளவு நேரம் படம் எடுத்தியே, அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரன். உள்ள கூப்பிட்டிருப்பானே? இங்கதான் நின்னாரு, எங்கப்பாதான் துண்டு குடுத்தாருன்னு சொல்லியிருப்பான். அவங்கப்பன் அந்த வருஷம் மாரகைபோவுல வாட்ச்மேன். துண்டு வெனிசுவேலாவுலேருந்து பறந்து வந்துச்சு போல. அந்தக் கதவு பொறந்ததுலேருந்து நீலம்ப்பா. ஆளுங்க வர ஆரம்பிச்சதும்தான் பச்சையாச்சு. ஜன்னலா? அது ஜன்னலே இல்ல. அட்டையில இருக்குன்னு சுவத்த உடைச்சு வச்சான். குறுக்க தூண் நின்னுச்சு, அதைத் தாண்டி நாலு விரல் தள்ளித்தான் வைக்க முடிஞ்சுது. அதத் தெறந்து எட்டிப் பாரு, கக்கூஸ் தெரியும்.

ஆக உனக்கு இடிக்கிறது நாலு விரல் இல்ல. ஒரு தெரு.

அட்டைய இப்படிக் குடு. கை ஈரமாத்தான் இருக்கு, இது புது அச்சுதானே, போனாப் போவுது. பழைய அட்டை உனக்குக் கிடைக்காது. ஏன்னு சொல்றேன். முதல்ல பாடகன் போட்டிருக்கிற சட்டையப் பாரு. முகத்த விடு, முகத்தத்தான் எல்லாரும் பாக்குறானுங்க. பொத்தானப் பாரு.

உன் சட்டையத் தொட்டுப் பாரு. காஜா எந்தப் பக்கம்? இடது. பொத்தான்? வலது. உலகத்துல ஆம்பளைங்களுக்குத் தைக்கிற சட்டை எல்லாம் அப்படித்தான். இவனுக்கு?

ஆங்.

வாட்ச் எந்தக் கையில? வலக்கையில. இடக்கைக்காரன் இல்லப்பா. இந்தப் பாடகன், நிசெஃபோரோ உத்ரியா, எல்லாத்தையும் வலக்கையிலதான் செய்வான், அடுத்தவன் பாக்கெட்டுல விடறது உட்பட. செத்துட்டான், விடு.

படம் திரும்பி இருக்கு. கண்ணாடியில தெரியிற மாதிரி. எதிர்த்தாப்புல பாரு, அந்தப் பழுப்புக் கதவு வீடு. மூணு படி, ஒரு ஜன்னல், மூலை. அதத் திருப்பிப் போட்டா இந்தப் பச்சைக் கதவு வீடு. மூலை இந்தப் பக்கம் வந்துரும், தெருச் சரிவு இந்தப் பக்கம் வந்துரும், வெயில்கூட இந்தப் பக்கம் வந்துரும். எல்லாம் அழகாப் பொருந்தும். உங்களுக்கெல்லாம் அது போதும்.

என் சட்டைய ஏன் பாக்குற?

ஆமா. எனக்கும் பொத்தான் பொம்பளைங்க பக்கம்தான். நான் ஒண்ணும் திருப்பிப் போட்ட படம் இல்ல. அந்த வீட்டம்மா தச்சது. எனக்கு அப்படித்தான் தச்சுக் குடுப்பாங்க. பதினெட்டு வருஷம், பதினோரு சட்டை. பழகிருச்சு. ஏன்னு கேட்டதில்ல.

அவங்க வாசல்தான் இது. தையல்காரம்மா. பேரு அப்புறம் சொல்றேன், அதுலதான் எல்லாம் இருக்கு. இப்ப எழுபத்தொம்பது. அப்ப முப்பத்திரண்டு. புதுசாத் தொழில் ஆரம்பிச்சிருந்தாங்க. வெள்ளைச் சுவத்துல, ஜன்னலுக்குப் பக்கத்துல, ஆள் உயரத்துக்குக் கறுப்பு மையில பேர எழுத வச்சாங்க. பேரு, அதுக்குக் கீழ தையல்னு. அவ்வளவுதான். இந்தத் தெருவுல பொம்பளை பேரு சுவத்துல ஏறினது அதான் முதல் தடவ. அதுக்கு முன்னால ஏறினது மாதா பேரு மட்டும்.

உத்ரியா ஒரு சட்டை தைக்க வந்தான். கூடவே ரெக்கார்டு கம்பெனி ஆளு, கழுத்துல கேமரா. சட்டைய முடிச்சுக் குடுக்கிற அன்னிக்கு மழை. தெரு ஆறாப் போவுது, மூணு பேரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. மழை விட்டதும் கேமராக்காரன் வெளிய பாத்துட்டு, இந்த வாசல் நல்லாருக்கு, இங்கேயே எடுத்துருவோம்னான். உத்ரியா இந்தம்மாகிட்ட சொல்றான், சட்டைக்குக் காசு கேக்காத செல்லம், உன் போர்டு அட்டையில வரட்டும், பனாமாவுலேருந்து நியூயார்க் வரைக்கும் உன் பேரப் படிப்பான்னு. இந்தம்மா சும்மா ஒத்துக்கல. வாத்தியக்காரங்க எத்தன பேருன்னு கேட்டாங்க. ஏழு பேரு. ஏழு பேருக்கும் நான் தைக்கிறேன், என் பேரு முழுசா வரணும், பாதி வெட்டினா செருப்பால அடிப்பேன்னாங்க. கேமராவ வாங்கி, கண்ண வச்சு, பேரு முழுசாத் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் அவன நிக்கவே விட்டாங்க.

எட்டு சட்டை தச்சுக் குடுத்தாங்க. கட்டில அடுப்படிக்கு மாத்திட்டு முன்னறையக் காலி பண்ணினாங்க. பக்கத்து ஊரு சோலெதாத்துலேருந்து ரெண்டு பொண்ணுங்கள வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஆர்டர் வரும்ல, அதுக்கு.

கார்னிவலுக்கு முன்னால ரெக்கார்டு வந்துச்சு. கடை தெறக்கிற முன்னாடியே போய் நின்னு வாங்கினாங்க.

நீ கையில வச்சிருக்கியே, பாரு. ஜன்னலுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?

ஒண்ணுமில்ல. வெள்ளைச் சுவரு.

உத்ரியாகிட்டப் போனாங்க. கம்பெனி பண்ணின வேலை செல்லம்னான். கம்பெனிக்குப் போனாங்க. அச்சகத்துல கேளுன்னாங்க. அச்சகத்துக்குப் போனாங்க. மொதலாளி, ஃபிலிம் அப்படித்தான் வந்துச்சு தாயேன்னான். அவ்வளவுதான் நியாயம்.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவால்ல. கார்னிவல்ல லெத்தானியா கோஷ்டின்னு ஒண்ணு சுத்தும். பாதிரி மாதிரி அங்கி மாட்டிக்கிட்டு, வாசல் வாசலா நின்னு, ஊர்ல மாட்டினவங்கள ராகம் போட்டு நாறடிப்பானுங்க. அந்த வருஷம் இந்த வாசல்ல நின்னானுங்க.

ஊரே பாக்கணும்னு சுவத்துல எழுதினா,
ஊரே பாத்துச்சு, சுவத்த மட்டும்.

தெரு முழுக்கச் சிரிச்சுச்சு. நெல்பாவோட அம்மா சிரிச்சது மார்க்கெட் வரைக்கும் கேட்டுதாம். என்ன நெல்பா, பொய்யா? இந்தம்மா சிரிக்கல, கதவையும் சாத்தல. கடைசி வரைக்கும் நின்னு கேட்டுட்டு, கோஷ்டில ஒருத்தன் அங்கி கிழிஞ்சிருந்துச்சாம், உள்ள வாடா தச்சு விடுறேன்னாங்களாம். போகலையாம் அவன்.

ஈஸ்டருக்கு முன்னால அந்த ரெண்டு பொண்ணுங்களும் ஊருக்குப் போயிட்டாங்க. இவங்களே சுண்ணாம்பக் கரைச்சு பேர அழிச்சாங்க. அதுக்கப்புறம் நாப்பத்தேழு வருஷமா ஸ்கூல் யூனிஃபார்ம், பேண்ட் மடிப்பு, ஜிப்பு. கைவேலையப் பாத்தா கல்யாண கவுன் தச்சிருக்க வேண்டிய ஆளு.

அட்டையில அழிச்சது யாருன்னா கேக்குற.

அதுக்கு பிக்கோ பத்தி உனக்குத் தெரியணும். தெரியுமா? என்ன தெரியும், யூட்யூப்ல பாத்தியா? வீட்டு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. முன்னாடி பல்லக் காட்டுற புலி படம். தெருவுக்குத் தெரு ஒண்ணு. எவன் பெட்டியில ஊர்ல யாருக்கும் தெரியாத பாட்டு இருக்கோ அவன் ராஜா. ஆகவே பிக்கோக்காரன் ரெக்கார்ட வாங்கினதும் முதல் வேலை, அட்டைய அடுப்புல போடுறது. பழைய அட்டை உனக்குக் கிடைக்காதுன்னேனே, அதான். ரெண்டாவது வேலை, ரெக்கார்டு நடுவுல ஒட்டியிருக்கிற வட்டச் சீட்டப் பிளேடு வச்சுச் செரைக்கிறது. பாட்டு பேரு, பாடினவன் பேரு, ஒண்ணும் இருக்கக் கூடாது. எதிராளி எட்டிப் பாத்தாலும் வெறும் கறுப்பு வட்டம்தான் தெரியணும். தட்டுல கீறல் விழாமச் செரைக்கணும். அதுக்குன்னு கை வேணும். இந்த ஊர்ல பேர அழிக்கிறதுக்கு ஆள் வச்சிருந்தாங்கப்பா. பெருமையா வேற நெனச்சாங்க.

அச்சகத்துல ஒருத்தன் இருந்தான். பகல்ல அங்க வேலை, ஞாயித்துக்கிழமை பிக்கோக்காரனுங்களுக்குச் சீட்டுச் செரைப்பான். இருபத்தஞ்சு வயசு முட்டாள். கண்ணாடி மேசைக்கு அடியில விளக்குப் போட்டு, ஃபிலிமப் பரப்பி ஒட்டுறதுதான் அவன் வேலை. இந்த அட்டைக்கு ரெண்டே நிறம். கறுப்பு, அப்புறம் கதவுக்கும் தலைப்புக்கும் பச்சை. கார்னிவலுக்கு முன்னால கடைக்குப் போகணும்னு கம்பெனிக்காரன் வாசல்லயே நிக்கிறான். அந்த அவசரத்துல இந்த அறிவாளி கறுப்பு ஃபிலிமக் கவுத்துப் போட்டான். அது மேலேயே வச்சு கதவுக்கான பச்சை ஃபிலிமயும் வெட்டிட்டான். தலைப்பு எழுத்து தனி ஃபிலிம், அத மட்டும் ஒழுங்கா வச்சான்.

மாதிரி அச்சுப் போட்டுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. பாடகன் நிக்கிறான், கதவு பச்சையா இருக்கு. சுவத்துல இருக்கிற பேரு மட்டும் இடவலமாத் திரும்பி, வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் போவுது.

என்ன செஞ்சிருக்கணும்? ரெண்டு ஃபிலிமயும் கழட்டி, திருப்பி, பச்சைய மறுபடி வெட்டணும். அரை நாள் வேலை. மொதலாளிகிட்ட நாலு திட்டு. அந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு தடவ திட்டு வாங்கியிருந்தான், மூணாவதுக்கு வீட்டுக்கு அனுப்பிருவான்னு பயம். மொதலாளி பின்னால போன்ல கத்திக்கிட்டிருந்தான். இவன் ஃபிலிம மேசையில வச்சான், பிளேட எடுத்தான். எழுத்து கறுப்பு, சுவரு வெள்ளை. எழுத்தச் செரைச்சா வெறும் சுவரு. அவ்வளவு சுலபம். முதல் எழுத்துலேருந்து ஆரம்பிக்கல, கடைசி எழுத்துலேருந்து ஆரம்பிச்சான், திரும்பி இருந்ததால அதுதான் இடப்பக்கம் நின்னுச்சு. ஆறு நிமிஷம். சுத்தமான வேலை. என்ன பேருன்னு படிச்சுக்கூடப் பாக்கல. படிக்காமச் செரைக்கிறதுதான் அவனுக்குப் பழக்கம்.

கடைசியாச் செரைச்ச எழுத்துல பிளேடு வழுக்கி விரல வெட்டிக்கிட்டான். அதோட விட்டுச்சேன்னு பாத்தா, பத்து நாள் கழிச்சு இந்தம்மா அட்டையோட வந்து நிக்கிறாங்க. மொதலாளிகிட்ட சத்தம் போட்டுட்டுத் திரும்பும்போது மேசைகிட்ட நின்னாங்க. அட்டைய அவன் மூஞ்சிக்கு நேரா பிடிச்சாங்க. இந்தச் சட்டைக்கு நான் வலப்பக்கம் பொத்தான் வச்சேன், இடப்பக்கம் எப்படிப் போச்சுன்னு கேட்டாங்க. ஊர் மொத்தம், ஜெர்மனி மொத்தம் பாத்துக் கண்டுபிடிக்காதத, அவங்க ரெக்கார்டுக் கடை வாசல்லயே ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருக்காங்க.

இவன் என்ன சொன்னான் தெரியுமா? தெரியாதும்மா, ஃபிலிம் அப்படித்தான் வந்துச்சு. மொதலாளி சொன்னதையே சொன்னான். சொந்தமாப் பொய் சொல்லக்கூடத் துப்பில்ல.

விரல்ல என்ன கட்டுன்னாங்க. மிஷின்ல பட்டுச்சுன்னான். கொஞ்ச நேரம் விரலப் பாத்தாங்க. போயிட்டாங்க.

அப்புறம் அந்த ரெக்கார்ட எல்லாரும் மறந்தாச்சு. உத்ரியா போய்ச் சேர்ந்தான், அச்சகம் மூடியாச்சு. எட்டு வருஷம் முன்னால பிரான்ஸ்ல எவனோ ஒரு பழைய அட்டையத் தேடிப் பிடிச்சு மறுபதிப்புப் போட்டான். உங்க கூட்டம் வர ஆரம்பிச்சுது. அந்தம்மா ஜன்னலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னு, எதிர்த்த வீட்டப் படம் எடுக்கிறானுங்க. தினம். அவங்க உள்ள மிஷின்ல உக்காந்து யூனிஃபார்ம் தச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பாங்க.

தகடு சேதி வந்துச்சு. மூணு வாரம் முன்னால ஒரு காலையில, சட்டை வெட்டுறதுக்குன்னு பெரிய காகிதம் வச்சிருப்பாங்கல்ல, அத எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க. காகிதத்துல ஏதோ வரைஞ்சு, வெட்டி, திருப்பி சுவத்துல ஒட்டினாங்க. நாற்காலி மேல ஏறி, கறுப்பு மையில நிரப்பினாங்க. எழுபத்தொம்பது வயசுல. நெல்பா போய் நாற்காலியப் பிடிச்சுக்கிட்டா. நான் இங்கேருந்து பாத்தேன். எழுந்திரிக்கல.

அதான் சுவத்துல நீ பாக்குற கிறுக்கல். வந்தப்பவே பாத்திருப்ப, கேக்கணும்னு உனக்குத் தோணல.

தெருவுக்குப் புரியல. அந்தம்மாவுக்குப் புத்தி பிசகிருச்சுன்னு பேசிக்கிறாங்க. குமெர்சிந்தோ ரஷ்ய பாஷைங்கிறான். பாதிரியக் கூட்டிக்கிட்டு வந்தான், பாதிரி தண்ணி தெளிச்சுட்டுப் போனாரு. இப்ப ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கான், விழாவுக்கு வர்ற பெரிய மனுஷங்க பாக்குற எடத்துல அசிங்கமா இருக்குன்னு. நாளைக்குக் காலையில வெள்ளையடிக்க ஆளு வருது. ரெண்டாவது தடவ அழிக்கப் போறாங்க. இந்தத் தடவ அரசாங்கச் செலவுல.

புத்தி பிசகலப்பா. தையல்காரிக்கு அது தினப்படி வேலை. இடக்கைக்கு வெட்டின காகிதத்தத் திருப்பிப் போட்டா வலக்கை.

இன்னும் புரியலையா உனக்கு. போகோத்தாவுல என்னதான் சொல்லித் தர்றாங்க.

எழுந்திரு. தெருவத் தாண்ட வேண்டாம், இந்தப் பக்கமே இரு. நெல்பாவோட தண்ணித் தொட்டிகிட்ட நில்லு. இன்னும் கொஞ்சம் இடது. அந்த வீட்டப் பாத்துத் திரும்பு. அங்கதான் கேமராக்காரன் நின்னான். இப்ப அட்டைய மற. வீட்ட மட்டும் எடு, வாசல், படி, ஜன்னல், சுவரு. சுவரு முழுசா. பாதி வெட்டினா செருப்பு இன்னும் அவங்க கால்லதான் இருக்கு.

எடுத்தாச்சா? வா இப்படி.

இப்ப அந்தப் படத்தத் திருப்பு. இடது வலதாகுற மாதிரி. அதுக்கு அதுல ஏதோ பட்டன் இருக்குமே. ஆங். அட்டையப் பக்கத்துல வை. வாசல் பொருந்துதா? படி? ஜன்னல்?

நாலு விரல் எங்க போச்சு?

வாயப் பொளக்காத, ஈ போயிரும். அட்டையில வெறும் சுவரா இருக்கிற எடத்துல, உன் படத்துல என்ன இருக்கு பாரு. அதே உயரம். அதே அகலம். ஜன்னலுக்கும் எழுத்துக்கும் நடுவுல விட்ட எடம்கூட அதேதான். எனக்குத் தெரியாதா. இந்தக் கையால செரைச்சது.

என்ன முழிக்கிற. இந்தா, கட்டைவிரலப் பாரு, தழும்பு இருக்கா. இந்தத் தெருவுல என்னைப் பிளேடுன்னுதான் கூப்பிடுவாங்க. சீட்டுச் செரைச்சதால வந்த பேருன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அச்சகம் மூடினதும் நெல்பாவோட பின்னறைக்குக் குடி வந்தேன். ஊர்ல வேற அறை இருந்துச்சு. இங்கதான் வந்தேன். முதல் வாரமே ஒரு துணிய எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன், சொல்லிரணும்னு. அளவெடுத்தாங்க. கை அளவெடுக்கும்போது விரலப் பாத்தாங்க. நாடாவச் சுத்தி வச்சுட்டு, வெள்ளிக்கிழமை வான்னாங்க. நான் சொல்ல வந்ததச் சொல்லாமத் திரும்பிட்டேன். வெள்ளிக்கிழமை சட்டை வந்துச்சு, பொத்தான் இந்தப் பக்கம். ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அதான் கேக்கல. பதினெட்டு வருஷமாப் போட்டுக்கிட்டுத் திரியிறேன்.

மூணு வாரமா அந்த எழுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உன் மாதிரி ஒருத்தன் தானாக் கண்டுபிடிப்பான்னு. நாளைக்கு வெள்ளையடிக்க வர்றானுங்க, நீ தரையில உக்காந்து கக்கூஸ் ஜன்னல எடுத்துக்கிட்டிருக்க. உன்ன நம்பி இருந்த நான்தான் பெரிய முட்டாள்.

இத இப்பவே ஆபீசுக்கு அனுப்பு. யாரு சொன்னான்னு கேப்பாங்க. அச்சகத்துல செரைச்சவன் சொன்னான்னு சொல்லு. காகிதம் கொண்டுவரச் சொல்லு, கையெழுத்துப் போடுறேன். தகடுல என் பேர எங்கயும் போட்டுராத. நான் சரி பண்ணினேன்னு எவனாவது எழுதினா எழுந்து போயிருவேன். நான் பண்ணினது ஆறு நிமிஷ வேலை. சரி பண்ணினவங்க பேரு அந்தப் படத்துல இருக்கு.

படி. நான் படிக்கிற கண்ணாடி கொண்டாரல. மெதுவாப் படிச்சா எப்படி, எதிர்த்த ஜன்னல் தெறந்துதான் இருக்கு, மிஷின் சத்தமும் நின்னாச்சு. தெருவுக்குக் கேக்குற மாதிரி படி.

ஆமா. எத்தில்வியா பர்ராசா.